தாழ்ப்பாள் சோதனை

"மிஸ், கதவைத் திறங்க மிஸ்."

இப்படி மட்டும் கேட்டுவிடக் கூடாது என்று பயிற்சியின் முதல் நாளே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் தீயணைப்பு வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். கரகரத்த தொண்டை, பேச்சுக்கு நடுவே வெந்நீர் குடித்துக்கொண்டே இருப்பார். "கதவைத் தள்ளிப் பாருங்க, கைப்பிடியைத் திருகிப் பாருங்க, அதோட நிறுத்திக்குங்க. வெளிய நின்னு திறக்கச் சொல்லாதீங்க. அதுவும் பிள்ளைக் குரல்ல கேக்கவே கேக்காதீங்க. பொய்க் குரலுக்குப் பழகின காது நெசக் குரலுக்கும் செவிடாயிடும்" என்றார். நான் அதைக் குறித்துக்கொண்டேன். அடிக்கோடும் போட்டேன்.

மாவட்டக் கல்வி அலுவலகத்தில், பாதுகாப்புப் பிரிவில் எனக்கு வேலை. பள்ளிகள் விதிப்படி நடக்கின்றனவா என்று போய்ப் பார்க்க வேண்டும். மாடிப்படிக் கைப்பிடி ஆடுகிறதா, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, பிள்ளைகளின் மருந்து வகுப்பு அலமாரியில் பூட்டியிருக்கிறதா. பிள்ளை தன் மருந்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. இவற்றோடு அடைப்புப் பயிற்சி என்று ஒன்று உண்டு. ஆபத்தான ஆள் யாராவது பள்ளிக்குள் புகுந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கான ஒத்திகை. நீளமாக மணி அடித்ததும் டீச்சர் கதவை உள்ளே தாழிட்டு, விளக்கை அணைத்து, பிள்ளைகளைச் சத்தமில்லாமல் தரையில் உட்காரவைக்க வேண்டும். மறுமணி அடிக்கும்வரை யாருக்கும் திறக்கக் கூடாது. யாருக்கும் என்றால் யாருக்கும்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா மூட்டை தூக்கினார், அம்மா மருத்துவமனையில் தரை துடைத்தாள். விடியும் முன்பே இருவரும் போய்விடுவார்கள். தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, எனக்குத் தலைசீவி, அக்காதான் என்னை இழுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடுவாள். போய்ச் சேர்கிறபோது வகுப்புக் கதவு சாத்தியிருக்கும். தட்டுவேன். உள்ளே டீச்சர் யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்கும். திறக்க மாட்டார். ஒருநாள் அக்கா, "நீயாவது நேரத்துக்குப் போடி" என்று சொல்லிவிட்டுப் படிப்பை நிறுத்திக்கொண்டாள். அவள் நின்றாள், நான் படித்தேன். பரிதாபப்படச் சொல்லவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் புரியும்.

வேலையில் சேர்ந்த புதிதில் கைப்பிடியைத்தான் திருகிப் பார்த்தேன். எல்லாக் கதவும் பூட்டியிருந்தது, எல்லாப் பள்ளியும் தேறியது. அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. திருட வருகிறவன் கைப்பிடியைத் திருகிவிட்டு, மன்னிக்கவும் என்று போய்விடுவானா? ஆகவே ஒரு பள்ளியில் குரலைச் சின்னதாக்கிக் கேட்டுப் பார்த்தேன். மிஸ், கதவைத் திறங்க மிஸ். உடனே திறந்தது. டீச்சரின் முகம் என்னைப் பார்த்ததும் வெளுத்தது.

அதன்பிறகு வழக்கமாகிவிட்டது. கொஞ்சம் கெட்டிக்காரியும் ஆனேன். அன்று எந்தப் பிள்ளை வெளியே போயிருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொண்டு அதன் பெயரைச் சொல்லித் தட்டுவேன். அழுவேன். திறந்தவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போகும். டீச்சர்கள் எனக்குத் 'தட்டம்மை' என்று பெயர் வைத்திருந்தது தெரியும். நான் வாசலில் நுழையும்போதே, "தட்டம்மை வந்துடுச்சு, தடுப்பூசி போட்டவங்க யாரு?" என்று ஓய்வறையில் ஒரு குரல் கேட்கும். எனக்குக் கோபம் வரவில்லை. பயந்தவர்கள்தானே கிண்டல் செய்வார்கள்.

மூன்றாம் வகுப்பு டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான பெண்மணி, கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். போன வருடம் அவர் கதவில் நான் அழவில்லை. மூச்சு இழுப்பதுபோலச் செய்தேன். நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற மாதிரி, இடையிடையே 'மிஸ், மிஸ்' என்று. அவர் கதவைத் திறந்தபோது கையில் இன்ஹேலர் இருந்தது. மூடியைக்கூடக் கழற்றிவிட்டிருந்தார்.

"இழுப்பு வந்த பிள்ளைம்மா. எப்படித் திறக்காம இருக்கிறது?" என்றார்.

"நான் கத்தி வச்சிருந்தா? உள்ள இருக்கிற மொத்தப் பிள்ளைங்களையும் கொன்னுருப்பீங்க."

"குரலைக் கேட்டா கை தானா போகுதும்மா."

"பழகிக்குங்க" என்றேன்.

மறுமுறை இப்படி நடந்தால் வேலை இருக்காது என்று எழுத்தில் கொடுத்தோம். எல்லா டீச்சர்களுக்கும் முன்னால் எழுந்து நின்று மன்னிப்பும் கேட்கவைத்தோம். கேட்டார். அவர் கண்ணாடி நூலைத் திருகிக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது.

அந்த இழுப்புச் சத்தத்தை நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று யாரும் கேட்கவில்லை. என் அக்கா மகளிடம். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. பிறந்ததிலிருந்து இழுப்பு. மழைக்காலத்தில் அக்காவும் நானும் மாறி மாறி அவளை நெஞ்சில் சாய்த்து உட்கார்ந்திருப்போம். அவள் மூச்சு என் காதுக்குள் அப்படியே பதிந்திருந்தது. அதைத்தான் கடன் எடுத்தேன்.

இந்த வருடம் வாலு மூன்றாம் வகுப்பு. அந்தப் பள்ளியில்தான். எந்தப் பிரிவில் போடலாம் என்று தலைமையாசிரியர் மரியாதைக்கு என்னைக் கேட்டபோது, அந்த ஒல்லி டீச்சரின் பிரிவில் போடச் சொன்னேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது யோசித்தால் விடை ஒன்றுதான் இருக்கிறது. அவர் திறப்பார் என்று எனக்குத் தெரியும்.

மணிச்சத்தம் கேட்கும்போது வகுப்புக்கு வெளியே மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று வாலுவுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுத்திருந்தேன். சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டி, தலையைக் குனிந்து உட்கார வேண்டும். அவள் அதை ஒரு விளையாட்டாக்கி, அக்கா திட்டும்போதெல்லாம் அப்படி உட்கார்ந்துகொள்வாள். "சித்தி, நான் இப்ப கண்ணுக்குத் தெரியமாட்டேன்" என்பாள். "எதைச் சொல்லிக்கொடுத்தே பாரு, ஒரு வேலை சொல்ல முடியல" என்று அக்கா சிரிப்பாள்.

இந்த வருடப் பயிற்சியன்று நான் தட்டவில்லை. தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தேன். புதிதாகக் கேமரா வைத்திருந்தார்கள். திரையில் தாழ்வாரம் முழுவதும் தெரிந்தது. சத்தம் வராது, படம் மட்டும்தான். மணி அடித்தது. கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. மாடித் தாழ்வாரத்தில், கழிப்பறைப் பக்கமிருந்து ஒரு பிள்ளை ஓடிவந்து மூன்றாம் வகுப்புக் கதவைத் தட்டியது.

"ஏதோ பிள்ளை வெளிய நிக்குதே மேடம். நிறுத்திடலாமா?" என்றார் தலைமையாசிரியர்.

"இருங்க சார். அந்த டீச்சர் திறக்கிறாங்களான்னு பாப்போம்."

வாலுதான் என்று எனக்குத் தெரியும். நடையிலேயே தெரிந்தது. அவள் இரண்டு கையாலும் தட்டினாள். கதவு திறக்கவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது. இதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஒரு வருடத்தில் அந்த டீச்சரை மாற்றியிருக்கிறேன் என்று நினைத்தேன்.

பிறகு வாலு தட்டுவதை நிறுத்தினாள். சுவரோரமாகச் சரிந்து, முழங்காலைக் கட்டித் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாருங்க சார், எவ்வளவு சரியா உக்காந்திருக்கா. என் அக்கா பொண்ணு. நான் சொல்லிக்கொடுத்தது" என்றேன்.

"இப்பவாவது அடிக்கட்டுமா மேடம்?" மணிப் பொத்தான் மேல் அவர் விரல் இருந்தது.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.

மறுமணி அடித்ததும் மூன்றாம் வகுப்புக் கதவுதான் முதலில் திறந்தது. டீச்சரின் கையில் இன்ஹேலர் இருந்தது. அவர் குனிந்ததும், வாலுவின் தலையை நிமிர்த்தியதும், பிறகு வாயைத் திறந்து கத்தியதும் திரையில் தெரிந்தன. எதுவும் கேட்கவில்லை.

தலைமையாசிரியர் என்னைப் பின்வாசல் வழியாக அனுப்பிவைத்தார். "நீங்க இங்க இல்ல மேடம். நாம ரெண்டு பேரும் பொழைக்கணும்" என்றார். அலுவலகத்திலிருந்து அலறியடித்து வருகிறவள்போல மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தேன். நடிப்பில்தான் நான் தேர்ந்தவளாயிற்றே. அக்கா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நீ மட்டும் அங்க இருந்திருந்தா எம்புள்ள பொழைச்சிருக்குமேடி" என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

இன்று விசாரணை. டீச்சர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். துணைக்கு இன்னொரு பிள்ளை இல்லாமல் ஒரு பிள்ளையைக் கழிப்பறைக்கு அனுப்பியது விதிமீறல்; அதனால் வேலை போகும், வழக்கும் வரும். பாதுகாப்புப் பிரிவின் சார்பில் அதை உறுதி செய்யத்தான் என்னை அழைத்திருந்தார்கள். நான் கடந்து போனபோது டீச்சர் எழுந்து நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அதே இழுப்பும்மா. அதே மாதிரி மிஸ், மிஸ்னு" என்றார். "நான் நீங்கன்னு நினைச்சிட்டேன்."

உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன், இங்கே சொன்ன அதே வரிசையில். விசாரணை அதிகாரி பாதியிலேயே ஒலிப்பதிவுக் கருவியை அணைத்துவிட்டார். நல்ல மனிதர். அவரும் எங்கள் வீட்டைப்போன்ற ஒரு வீட்டிலிருந்து வந்தவர்தான்.

"நீ துக்கத்துல பேசுறம்மா" என்றார். "நம்மள மாதிரி ஒருத்தர் இந்த நாற்காலிக்கு வர்றதுக்கு எத்தனை தலைமுறை ஆகுது? ஒரு வார்த்தைல கெடுத்துக்காதே. பிள்ளைங்க நல்லதுக்காகத்தானே தட்டினே?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பல நாளாகப் பதில் தயாராக இருந்தது. பாதுகாப்புக்காக. பாதுகாப்புக்காகத்தான் என்று அவ்வளவு காலம் எனக்கே சொல்லிவந்திருக்கிறேன். அவர் அன்பாகக் கேட்டதாலோ என்னவோ, அது வாயில் வரவில்லை.

"இல்ல சார்" என்றேன். "கதவு திறந்து அவங்க மூஞ்சி வெளுக்கிறதைப் பாக்க எனக்குப் பிடிச்சிருந்தது. திறந்தவங்க எல்லாம் நல்லவங்க. எனக்குத் திறக்காத டீச்சர் மேல இருந்த கோபத்தை, திறந்தவங்க மேல தீத்துக்கிட்டேன். நல்லவங்களா தேடித் தேடிக் கெடுத்தேன். கடைசியா மிச்சம் இருந்தது அந்த ஒருத்தங்கதான். அன்னைக்கு அவங்களும் கெட்டுட்டாங்களான்னு பாக்கத்தான் மணியை நிறுத்தி வச்சேன். பிள்ளை யாருன்னு தெரிஞ்சேதான் நிறுத்தி வச்சேன்."

"போய் முகம் கழுவிட்டு வா. முதல்ல இருந்து பேசலாம்" என்றார்.

"கருவியைப் போடுங்க சார், திரும்பச் சொல்றேன். இல்லன்னா போலீஸ்ல சொல்லிக்கிறேன். அதுக்கு முன்னாடி ஒரு வீட்டுக்குப் போகணும்."

"யார் வீட்டுக்கு?"

நான் எழுந்தேன். படிக்கட்டில் இறங்கும்போது அக்காவே கூப்பிட்டாள். விசாரணை இன்றைக்கு என்று அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து கைபேசியைக் கையிலேயே வைத்திருந்திருப்பாள்.

"என்னடி ஆச்சு? அவளை உள்ள தள்ளிட்டாங்களா?"

"நேர்ல வந்து சொல்றேன்க்கா."

"நல்ல சேதியாக் கொண்டா" என்றாள்.

கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன்.