தெரியாது என்று சொன்னவள்

— எண்ட பதிவை எடுத்துடுங்க தங்கச்சி. அதைச் செல்லத்தான் நான் போன் எடுத்த.

— பலீலா அக்கா, உங்கட பதிவை நாங்கள் இன்னும் போடவே இல்லையே. பிறகு எப்பிடி எடுக்கிறது?

— போடல்லயா? அப்ப மூணு கெழமயா என்ன செஞ்சீங்க, ரூபிகா? விருந்தினர் பதிவு அனுப்பினா அஞ்சு நாளையில பதில் வரும் எண்டு ஒங்கட புளொக்கில பெருசா எழுதி ஈக்குது. நான் காலையில எழும்பினா மொகம் கழுவ முன்னுக்குப் போனைத்தான் பாக்கிற.

— பிந்தினது எங்கட பிழைதான். அதுக்கு மன்னியுங்கோ.

— பிந்தினது பரவாயில்ல. யாரு யாரு வாசிச்ச? அதைச் செல்லுங்க. நீங்க மட்டும்தானே?

— நான் வாசிச்சனான். இன்னொராளும் வாசிச்சவ.

— இன்னொராளா?

— என்ர சித்தி. வத்தளையில இருக்கிறா. பதிவு எதையும் போட முதல் எழுத்துப்பிழை பார்த்துத் தாறது அவதான். மற்றதெல்லாம் ஒரே நாளில திருப்பி அனுப்பிப்போடுவா. உங்கடயை மட்டும் வச்சுக்கொண்டே இருந்தவ. நான் கேட்டால், பார்க்கிறன் பிள்ளை, பார்க்கிறன் எண்டுதான் பதில்.

— அப்ப அவவுக்கும் புடிக்கல்ல. நல்லதாப் போச்சு, அழிச்சிடுங்க. எண்ட ஊட்டுக்காரர் அஹ்ஸனுக்கே இந்தக் கதை தெரியா. நான் ஸ்கூல்ல படிச்சுக் குடுக்கிற ஆள். புள்ளைகள்ட உம்மாமார் எல்லாரும் ஒங்கட புளொக்கை வாசிக்கிறாங்க. வேற பேரு போட்டாலும் யாராவது கண்டுபுடிப்பாங்க.

— அப்ப ஏன் அக்கா அனுப்பினீங்கள்?

— ஒருத்தருக்கும் சொல்லாத ஒண்டை எழுதி அனுப்புங்க எண்டு நீங்கதானே கேட்டீங்க. ஒரே இருப்பில இருந்து போனிலேயே தட்டின. திருப்பி வாசிச்சா அனுப்ப மாட்டன் எண்டு எனக்கே தெரியும். வாசிக்காமத்தான் அனுப்பின.

— இப்ப வாசிக்கட்டே? ஒரு துண்டு மட்டும். எல்லாம் சரியோ எண்டு நீங்கள் சொல்ல வேணும்.

— அழிக்கிறதுக்கு என்னத்துக்கு வாசிக்க? ... சரி, வாசிங்க.

— "இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, போர்க்காலம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு கணினி வகுப்பில் இவளுக்கும் கலாவுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. கலா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு மாதம்தான், சிங்களம் தடுமாறும். கடையில் விலை கேட்பதும் பஸ்ஸில் இறங்குமிடம் சொல்வதும் இவள் வேலை. கலா கொண்டுவரும் இடியப்பத்தில் பாதி இவளுக்கு. ஒரு புதன்கிழமை, வகுப்பு முடிந்து இருவரும் ஏறிய பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். கலாவிடம் அடையாள அட்டை இருந்தது. கொழும்பில் தங்கும் தமிழர் கையில் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டை அறையில் மறந்துவிட்டிருந்தாள். அவளைத் தனியாக ஓரத்தில் நிறுத்தினார்கள். பிறகு ஒரு பெண் அதிகாரி வரிசை வழியே ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு வந்து, இவள் முன்னால் நின்று, அந்தப் பெண்ணைத் தெரியுமா என்று கேட்டாள். இவள் தெரியாது என்றாள். கலா இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் புறப்படும்போது இவள் ஏறிக்கொண்டாள்."

— போதும்.

— ஏன் அக்கா 'இவள்' எண்டு எழுதினீங்கள்? உங்கட கதைதானே?

— 'நான்' எண்டு தட்டினா அடுத்த சொல்லு வரல்ல.

— பிறகு கலாவைத் தேடிப் போனீங்களா?

— தேடின எண்டு செல்லவும் ஏலா, தேடல்ல எண்டு செல்லவும் ஏலா. வகுப்புக்கு அவ வரவேயில்ல. அவட ரூம் ஈந்த ரோட் எனக்குத் தெரியும். முனை வரைக்கும் போவன், திரும்பி வந்துடுவன். கதவைத் தட்டி, ஆள் இல்ல எண்டு செல்லிட்டா? அந்தப் பயம். ஆள் ஈந்தா அதை விடப் பயம். பொறகு நானும் வகுப்பை நிப்பாட்டிட்டன். இப்பவும் வெள்ளவத்தைக்கு உடுப்பு எடுக்கப் போனா அந்த வயசுக்காரங்கட மொகத்தை ஒவ்வொண்டாப் பாப்பன். என்ன தேடுற எண்டு அஹ்ஸன் கேப்பாரு. கலர் தேடுறன் எண்டு செல்லுவன்.

— கலா எண்டது நீங்கள் வச்ச பேர்தானே? உண்மையான பேர் என்ன?

— அது ஒங்களுக்கு என்னத்துக்கு?

— சொல்லுங்கோ அக்கா.

— மேனகா.

— என்ர சித்தியின்ர பேரும் மேனகாதான்.

— தங்கச்சி...

— கேக்குது, சொல்லுங்கோ.

— உசிரோட ஈக்கிறாவா?

— இருக்கிறா. ரெண்டு பிள்ளையள். அண்டைக்குப் பிடிச்சு நாலு நாள் வச்சிருந்தவங்களாம். என்ர அப்பாதான் ஒரு லோயரோட போய்க் கூட்டிக்கொண்டு வந்தவர். அதுக்குப் பிறகு எங்கட வீட்டில அதைப் பற்றி ஒரு கதையும் இல்லை. உங்கட பதிவை வாசிச்சபடியால்தான் நேற்று எனக்கே சொன்னவ.

— நாலு நாள்.

— ஓம்.

— நான் வைக்கிறன். அவவிட்ட செல்லுங்க... என்னத்தைச் செல்ல. ஒண்டும் செல்ல வேணாம். அழிச்சிடுங்க, மகள், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— போனை வைக்காதேங்கோ. சித்தி ஒரேயொரு திருத்தம் போட்டு அனுப்பியிருக்கிறா. அதைச் சேர்த்தால் பதிவைப் போடட்டாம், சேர்க்காட்டி வேண்டாமாம்.

— நான் பொய் ஒண்டும் எழுதல்ல. என்னை நல்லவளாக் காட்ட ஒரு சொல்லுக் கூட மாத்தி எழுதல்ல.

— நீங்கள் எழுதினது எல்லாம் சரியாம். நீங்கள் நிண்ட இடத்துக்குக் கேட்டிருக்காத ஒண்டுதான் அதில விடுபட்டுப்போச்சாம்.

— வாசிங்க.

— "வரிசைக்கு வருமுன் அந்த அதிகாரி கலாவிடம்தான் முதலில் கேட்டாள், உன்னோடு வந்தவர்கள் யார் என்று. தனியாகத்தான் வந்தேன், இங்கே யாரையும் தெரியாது என்று கலா அப்போதே சொல்லிவிட்டிருந்தாள். அதனால்தான் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், கடவுளே, இவளும் தெரியாது என்று சொல்லித் தப்பிவிட வேண்டும் என்று."