சாலையோர முட்டைகள்

எனக்கு முட்டை அவித்தால்தான் பிடிக்கும். பொரித்துச் சாப்பிட்டால் அன்று முழுக்க நெஞ்சு கரிக்கும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், முட்டைத் திருடன் ஓர் ஆம்லெட் பிரியன் என்று ஊரின் இணையக் குழுவில் யாரோ எழுதினார்கள், எல்லோரும் அதை நம்பியும் விட்டார்கள். தப்பான தகவல் பரவுவது எனக்குப் பிடிக்காது, சார்ஜென்ட்.

அந்தக் குழுவின் அட்மின் நான் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்களும் அதில் இருக்கிறீர்கள். நூலகத்தில் என் வேலை போன பிறகு, சும்மா இருக்க முடியாமல் ஆரம்பித்தேன். 'பெல்பர்ன் ஊர்ப் பலகை' என்று பெயர் வைத்தேன். காணாமல் போன பூனை, தேவாலயத்தில் பழைய துணி விற்பனை, பாலத்தில் பழுது என்று எதையாவது போடுவேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். பூனை கிடைத்துவிட்டது என்று போட்டாலும் சொல்லமாட்டார்கள்.

நரெல் வீட்டு வாசலில், சாலையோரமாக, ஒரு பழைய ஃபிரிட்ஜ் நிற்கிறது. உள்ளே முட்டை அட்டைகள், பக்கத்தில் காசு போட ஒரு டப்பா. காவலுக்கு ஆள் கிடையாது. நம் தீவில் எல்லாச் சாலையிலும் இப்படித்தானே. ஒருநாள் என் கையில் சில்லறை இல்லை. திரும்பி வரும்போது போட்டுக்கொள்ளலாம் என்று ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். மறந்துவிட்டேன். யாருக்கும் நடப்பதுதான்.

மறுநாள் நரெல் குழுவில் எழுதினாள். திட்டவில்லை. "எடுத்தவங்க நல்லா சாப்பிட்டிருப்பீங்கன்னு நம்புறேன்" என்று ஒரே வரி. மத்தியானத்துக்குள் ஊரே அங்கே கூடிவிட்டது. அந்தக் காலத்தில் கதவைப் பூட்டாமல் தூங்கினோம் என்றார்கள். போதைப் பழக்கம் என்றார்கள். புறவழிச்சாலை போட்டதிலிருந்து ஊர் கெட்டது என்றார்கள். விறகு விற்கும் கெல்வினும் அவன் மச்சான் ட்ரெவரும் வேலித் தகராறுக்குப் பிறகு முகம் பார்த்துப் பேசியதில்லை. அன்று ஒருவர் எழுதியதற்கு மற்றவர் லைக் போட்டார். நீங்கள்கூட ஒரு சிரிப்புப் படம் போட்டீர்கள்.

"நரெல், அது நான்தான், மன்னிச்சுக்கோ" என்று எழுதி வைத்திருந்தேன். அனுப்புவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை மேலிருந்து படித்தேன். இவ்வளவு பேர் இவ்வளவு ஆசையாகப் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து விளக்கை அணைப்பது நாகரிகமாகத் தோன்றவில்லை. அழித்துவிட்டேன்.

சில நாளில் பேச்சு ஓய்ந்தது. மறுபடியும் பூனை. இந்த மாதிரிக் குழுக்களை நடத்தும் இணைய நிறுவனத்திலிருந்து எனக்குச் செய்தி வந்தது: உங்கள் குழுவின் வளர்ச்சி குறைந்துவருகிறது. அனுப்புவது இயந்திரம்தான், தெரியும். ஆனால் நூலகத்தில் என் மேலாளர் ஒருநாளும் என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. அன்று சாயங்காலம் நடைக்குப் போனபோது இன்னோர் அட்டையை எடுத்தேன். பிறகு மற்ற வீடுகளிலும் எடுத்தேன். நரெல் ஒருத்திக்கே நஷ்டம் வந்தால் நியாயமாக இருக்காது.

நான் ஒருநாளும் பொய் எழுதவில்லை. கேள்விதான் கேட்டேன். 'இன்றைக்கு யாருக்கு நஷ்டம்?' என்று கேட்டால் போதும், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கேமரா வாங்கினார்கள். முறைபோட்டுக் காவல் நின்றார்கள். யார், எங்கே, எப்போது என்ற பட்டியலைக் குழுவில் நான்தான் போடுவேன். பேசாத பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரே காரில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். பெல்பர்ன் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

பிறகு இயந்திரம் ஒரு யோசனை சொன்னது. மனித முகம் உள்ள பதிவுகளில் மக்கள் அதிக நேரம் நிற்கிறார்களாம்.

ஆற்றோரம் கேரவன் வண்டியில் குடியிருந்த வாரிக் என்பவரை உங்களுக்குத் தெரியும். தீவுக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகியும் நமக்கு அவர் கடல் தாண்டி வந்த அக்கரைக்காரர்தான். ஒரு காலைப்பொழுது நரெலின் ஃபிரிட்ஜ் முன்னால் நின்றிருந்தார். கதவு திறந்திருந்தது, கையில் முட்டை அட்டை. காரிலிருந்தே படம் எடுத்தேன். 'இவரை யாருக்குத் தெரியும்?' என்று மட்டும் எழுதினேன்.

அவர் முட்டையை உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். நரெலுக்கு நஷ்டம் என்று கேள்விப்பட்டுத் தன் கோழிகளின் முட்டையைக் கொண்டுவந்திருந்தார். ஆனால் அது படத்தில் தெரியாது. படத்தில் ஒரு கை, ஓர் அட்டை, அவ்வளவுதான். படத்தில் இல்லாததை நான் எழுதினால் அது என் சொந்தக் கருத்தாகிவிடும்.

அதன் பிறகு ஒருநாள் ரொட்டிக்கடையில் நான் வரிசையில் நிற்கும்போது கெல்வின் அவரைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன பெரிசு, இன்னைக்கு ஆம்லெட்டா, அவிச்சதா?"

"நானே கோழி வளர்க்கிறேன்யா. எனக்கு எதுக்கு அடுத்தவன் முட்டை?"

"அதான் சொல்றேன். இதைவிட நல்ல மறைப்பு கிடைக்குமா?"

கடை முழுக்கச் சிரித்தது. வாரிக் ரொட்டி வாங்காமலே போனார். அவருக்குக் கோழி இருப்பதே பெரிய சாட்சியம் என்று அன்று குழுவில் முடிவாயிற்று.

நரெல் மட்டும் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"கிளெனிஸ், என் கோழியெல்லாம் பழுப்பு முட்டைதான் போடும். ஃபிரிட்ஜுல நீல முட்டை இருந்துச்சு. அந்த ஆளோட கோழிதான் நீல முட்டை போடுது."

"யாராவது கொண்டுவந்து வச்சிருப்பாங்க, விடு."

"அதைத்தான்டி நானும் சொல்றேன்."

குழுவில் எழுதட்டுமா என்று கேட்டாள். இப்போது வேண்டாம், ஊர் இப்போதுதான் ஒன்றாகியிருக்கிறது என்றேன். அதற்குள் எந்தப் பதிவும் என் அனுமதி இல்லாமல் வெளிவராதபடி செய்திருந்தேன். கூட்டம் பெருகினால் ஒழுங்கு வேண்டும் இல்லையா.

குளிர்காலம் வந்தது. இங்கே எல்லா வீட்டிலும் விறகடுப்புதான், கெல்வின்தான் வண்டியில் கொண்டுவந்து போடுவான். வாரிக்குக்கு மட்டும் போடவில்லை. திருடனுக்கு விறகு போட்டால் ஊர் என்ன எழுதும் என்று பயந்திருப்பான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. வாரிக்கை யாரும் தொடக்கூட இல்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

தபால்காரப் பெண்தான் பார்த்தாள். இருந்த கோட்டுகளையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு கிடந்தார். அடுப்பில் நாற்காலிக் கால்கள் பாதி எரிந்திருந்தன. கோழிகளைக் கேரவனுக்குள் தன்னோடு வைத்திருந்தார். அவை உயிரோடு இருந்தன.

துக்கத்துக்காக நான் முட்டை எடுப்பதை நிறுத்தினேன். அவர் போனதும் திருட்டும் நின்றது பார்த்தீர்களா என்று ஊர் பேசிக்கொண்டது. அஞ்சலிப் பதிவு நான்தான் போட்டேன். அவ்வளவு இதயக்குறிகள் நம் குழுவில் எதற்கும் விழுந்ததில்லை. அவர் பார்த்திருந்தால் நெகிழ்ந்துபோயிருப்பார்.

முட்டைகளை எடுத்தது நான். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் வந்திருப்பது முட்டைக்காக அல்ல என்று தெரிகிறது. மேசைமேல் இருக்கும் அந்த போன் அவருடையதுதானே.

ஆமாம், அவருடைய செய்தி எனக்கு வந்தது. "விறகு தீந்துபோச்சு. இடுப்பு வலி, வெட்ட முடியல. யாராவது ஒரு வண்டி போட்டா காசு கொடுத்துடறேன். வாரிக், ஆத்தோரம்." குழுவுக்கு அனுப்பியிருந்தார். அன்றே படித்தேன். அன்று காவல்முறை பற்றிய பேச்சு அருமையாகப் போய்க்கொண்டிருந்தது, விறகு பற்றிய பதிவை யாரும் படிக்கமாட்டார்கள். படித்தாலும் அவரைக் கிழித்திருப்பார்கள். நான் அவரைக் காப்பாற்றினேன் என்றுகூடச் சொல்லலாம். தினமும் அதைத் திறந்து பார்த்தேன். கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும், ஒன்று அனுமதிக்க, ஒன்று நிராகரிக்க. அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு பகையும் கிடையாது.

நான் அதை நிராகரிக்கவில்லை, சார்ஜென்ட். இன்னும் அனுமதிக்கவில்லை, அவ்வளவுதான்.