மூன்று முறை தட்டினேன்

காலை ஒன்பதே முக்காலுக்கு நான் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தேன். படகில் கட்டும் நீல நைலான் கயிறு. இடிக்க வேண்டிய வீட்டின் மாடி ஜன்னலிலிருந்து வாசற்கதவோரம் தொங்கிக்கொண்டிருந்தது. கைக்கெட்டிய உயரத்தில் பிளேடால் நறுக்கினேன். இயந்திரத்தில் சிக்கக் கூடாது பாருங்கள். பத்து மணிக்கு ஜேசிபி வந்துவிடும். அவசரம்.

விதியைச் சொல்லிவிடுகிறேன், ஐயா. பாழடைந்த கட்டடத்தை இடிக்கும் முன் பொறியாளர் வாசற்கதவை மூன்று முறை தட்ட வேண்டும். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தால் வேலை நின்றுவிடும். அப்புறம் விசாரணை, வாய்தா என்று ஒரு வருடம் ஓடும். குரல் இல்லையென்றால், ‘ஆளில்லை’ என்று கையெழுத்து. அந்தப் பொறியாளர் நான்தான், பகலவன்.

அந்த வீடு ராயபுரம் சந்தின் கழுத்தில் நின்றது. போன மழைக்கு ஆம்புலன்ஸ் நுழைய முடியாமல் ஒரு கர்ப்பிணியை நாற்காலியில் தூக்கி வந்தார்கள். சந்தை அகலமாக்கி, பிள்ளைகள் விளையாட இடம் விட்டு வரைபடம் போட்டது நான். அதில் என்ன தப்பு?

அங்கே தனியாக இருந்த மீன்காரி பச்சையம்மாவுக்கு எர்ணாவூரில் வீடு ஒதுக்கியாயிற்று. ஏட்டில் அவர் காலி செய்துவிட்டவர். ஒரே மாதத்தில் திரும்பி வந்தது தெருவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். போன மாதம் நானே போய்க் கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு, தெருமுனை வரை கேட்கும்படி கத்தினார்.

“எட்டாவது மாடில குந்திக்கினு நா இன்னா பண்றது நைனா? காசிமேட்டுக்கு மூணு மணிக்கு மீன் எடுக்க அங்கேர்ந்து எப்டி வர்றது? போ, வேற வூட்ட இடி.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டீயும் கொடுத்தார்.

மீன் விற்று முடித்து ஒன்பது மணிக்கு வந்து படுப்பார். பத்து மணி என்று நேரம் குறித்தது நான். சந்தின் இரு முனையிலும் தடுப்பு வைத்து ஆட்களை விலக்கினேன். அதுவும் விதிதான்.

ஜேசிபி ஓட்டுநர் பிலால் வெளியூர்க்காரன் மாதிரி அண்ணாந்து பார்த்தான். தண்டையார்பேட்டைப் பையன்தான், ஆனால் இந்தச் சந்துக்குப் புதியவன்.

“சார், மாடில புடவ சொட்டிக்கினு கீது. ஆள் கீறாங்களா இன்னா?”

“பக்கத்து வீட்டுக்காரங்க காயப்போட்டிருப்பாங்க.”

“ஒரு தபா ஏறிப் பாத்துட்டு வந்துடட்டா?”

“படி இத்துப்போச்சு. நீ விழுந்தா உன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?”

அவன் கண்ணெதிரே மூன்று முறை தட்டினேன். உள்ளங்கை சிவந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு முழு நிமிடம் காத்திருந்தேன். பதில் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

பதினொன்றரைக்குப் பச்சையம்மாவின் உடலை இடிபாட்டிலிருந்து எடுத்தோம்.

அவ்வளவு தட்டியும் எப்படிக் கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்காது. மீன் விற்க வருமுன் தகடு அடிக்கும் பட்டறையில் முப்பது வருடம் இருந்து இரண்டு காதும் போனவர். அதனால்தான் தெருக்காரர்கள் கதவைத் தட்டுவதில்லை. அந்த நீலக் கயிற்றை இழுப்பார்கள். மறுமுனை அவர் கட்டில் காலில் கட்டியிருக்கும். கட்டில் ஆடினால் எழுந்து வருவார். டீ குடித்த அன்று நானும் இழுத்துத்தான் கூப்பிட்டேன்.

நறுக்கும்போது கயிறு இழுபடாமல் பார்த்துக்கொண்டேன். கயிறு என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் விதியில் கதவு என்றுதான் எழுதியிருக்கிறது, ஐயா. கயிற்றைப் பற்றி ஒரு வரி கிடையாது.