பழனியப்பன் கழுவாத கூடு

...அதான் தம்பி, நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு தான். ஒரே கடலு, ஒரே தண்ணி. அந்தப் பழனியப்பன் கூட்டுக்கும் என் கூட்டுக்கும் நடுவுல ஒரு சம்பான் படகு நிக்கலாம், அவ்ளோ தான் தூரம். அவனுக்கு வாளி வாளியா சோத்தோங். எனக்கு? ஒரு நண்டு. அதுவும் ஒத்தக் கையி! திருட்டு இல்லாம வேற என்ன லா?

அட, லேப்டாப்ப மூடாதீங்க, நீங்க பாருங்க, நான் பாட்டுக்குப் பேசுறேன். கிள்ளான்ல ஏறினதுலேர்ந்து நான் தானே பேசுறேன். இந்தக் கொமூட்டர் ரயில்ல ஏசி வேற... ஐஸ்பெட்டியில உக்காந்த மாதிரி இருக்கு.

என்னா கூடா? பூபு தம்பி, பூபு. ஓ, நீங்க தமிழ்நாடு. கம்பு கட்டி, வலை சுத்தி, கோழிக்கூடு சைஸ்ல செய்வோம். உள்ள தென்ன ஓலையத் தொங்கவிட்டு கடல்ல எறக்கிடணும். சோத்தோங், அதான் உங்க ஊரு கணவாய், ஓலையத் தேடி உள்ள வரும். ஏன் வருதுன்னு கேக்காதீங்க. நெழலுக்கு வருதோ என்னமோ. முப்பது வருஷமா புடிக்கிறேன், ஒரு சோத்தோங் கூட காரணம் சொன்னதில்ல.

மொதல்ல நான் பெரிய போட்டுக்காரனுங்களத் தான் திட்டினேன். சின்னக் கண்ணு வலையப் போட்டு குஞ்சு குளுவான்லாம் வாரிக்கிட்டுப் போறானுங்க. அப்புறம் நெலாவத் திட்டினேன். அப்புறம் வாரக் கடைசியில லைட்டத் தூக்கிக்கிட்டு தூண்டி போட வர்ற ஆபீஸ்காரனுங்கள. ஆனா பாருங்க, அதெல்லாம் பழனியப்பனுக்கும் உண்டு தானே? அவனுக்கு மட்டும் எப்படி வருது? ரெண்டு வருஷமா யோசிச்சேன். அவன் என் கூட்டத் தூக்கிக் கொட்டிக்கிறான். முடிஞ்சிது கதை.

இந்தக் கவர்ல இருக்குறது அது தான். மீன் ஆபீஸுல குடுக்கப் போற கடுதாசி. என் மக டீனா தான் மலாய்ல எழுதிக் குடுத்தா. 'பப்பா, கண்ணால பாத்தீங்களா'ன்னு மூணு வாட்டி கேட்டா. பாக்கணுமா என்ன? இந்த வருஷமும் சோத்தோங் வரலேன்னா பூபு, போட்டு எல்லாத்தையும் வித்துட்டு அவ வீட்டுல போயி டீவி பாத்துக்கிட்டு உக்காரணும். மருமகன் நல்லவன் தான். இருந்தாலும் அவன் வீட்டு ரிமோட்டு அவன் கையில தானே இருக்கும்?

சுத்தம்னா என்னான்னு என்கிட்ட கத்துக்கணும் தம்பி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பம்பு வாங்கினதுலேர்ந்து வாரம் ஒரு வாட்டி என் கூடெல்லாம் கரைக்கு வரும். என் பொண்டாட்டி கேத்தரின் இருக்காளே, அவ தண்ணி பம்ப எடுத்தான்னா அவ்ளோ தான். சிப்பி, பாசி, அந்த வெள்ள வெள்ளையா கொழகொழன்னு வெரலு மாதிரி கொத்துக் கொத்தா ஒட்டியிருக்குமே, எல்லாம் தெறிச்சு ஓடும். அப்புறம் நாள் பூரா வெயில்ல காயும். சர்ச்சுக்கே தூக்கிட்டுப் போகலாம், அவ்ளோ சுத்தம்!

பழனியப்பன்? சோம்பேறி. கழுவவே மாட்டான். கூட்டத் தூக்குவான், சோத்தோங்க எடுப்பான், அந்த அசிங்கத்தோடயே திரும்ப எறக்கிடுவான். ஒடஞ்ச கூட்டக் கூட தூக்கிப் போட மனசு வராது, ஜெட்டி, அதான் படகுத்துறை, அதோட கால்ல கட்டி தண்ணிக்குள்ள தொங்கவிட்டிருக்கான். கடுதாசியோட குடுக்க அத மேல தூக்கி போட்டோ எடுத்து வச்சிருக்கேன். இந்தா, பாருங்க கண்றாவிய...

என்ன, பெருசாக்கிப் பாக்குறீங்க? நல்லா பாருங்க. எந்த வேலையில இருக்கீங்க தம்பி?... யுனிவர்சிட்டியா?... சோத்தோங் படிக்கிறீங்களா! அதத் திங்கத் தானே தெரியும், படிக்கவுமா செய்வாங்க?

ஆங்?

முட்டையா... இந்த வெள்ள வெரலா? ஒவ்வொரு வெரலுக்குள்ளயும் பல முட்டையா?

இருங்க, இருங்க. மெதுவா சொல்லுங்க. ஓலைக்கு வர்றதே முட்டையிடத் தானா?... ஏற்கெனவே முட்ட இருக்குற எடமாப் பாத்து தான் மத்ததும் வந்து இடுமா?... இட்டுட்டு செத்துப் போயிடுமா? ஆயுசே ஒரு வருஷம் தானா? அப்ப அடுத்த வருஷத்துக்கு இந்த முட்ட பொரிச்சா தான் உண்டு... பழசுன்னு ஒண்ணு கடல்ல மிச்சமே இருக்காது...

வாரா வாரம் தம்பி. ஈஸ்டர் வாரத்துல கூட விட்டதில்ல.

அப்ப அவன் திருடல. ஒடஞ்ச கூட்ட ஜெட்டியில தொங்கவிட்டது கூட முட்ட பொரிக்கட்டும்னு தான். என் கூட்டு சோத்தோங்க நானே தான் பம்பு வச்சு அடிச்சிருக்கேன். வெக்கமா இருக்கு தம்பி. முப்பது வருஷம்... யாரும் சொல்லலையே. பழனியப்பன் ஒரு வாட்டி ஏதோ சொல்ல வந்தான். நான் தான் கூட்டக் கழுவிட்டு வந்து பேசுன்னு சொன்னேன்.

ஐயோ! இன்னிக்கி செவ்வாக்கெழம! கழுவுற நாளு! இருங்க, கேத்தரினுக்குப் போன் போடுறேன்...

ஹலோ, கேத்தரின்! பம்ப மூடு! மூடுன்னா மூடு லா!... முடிஞ்சிடுச்சா? எல்லாமேவா?... சரி போவட்டும், நம்மது போவட்டும். அந்த ஜெட்டிக் கால்ல தொங்குச்சே, பழனியப்பன் கூடு, அதத் தொடாத... என்னது? நானா சொன்னேன்?

ஆமா தம்பி... நான் தான். காலையில கெளம்பும்போது சொன்னேன். ஆபீஸ்காரங்க வந்து பாப்பாங்க, ஜெட்டி பாக்க லட்சணமா இருக்கணும், அவனோடதையும் மேல தூக்கி ஒரு அடி அடிச்சு விடுன்னு.

ஹலோ... யாரு அது சத்தம் போடுறது?... பழனியப்பனா? வந்துட்டானா?... அழுவுறானா? அவ்ளோ பெரிய ஆளு அழுவுறானா... கேத்தரின், யாரு சொல்லிக் கழுவினன்னு கேட்டான்னா நீ வந்து... சொல்லிட்டியா. சரி. சரி. வை.

கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷன் வந்துடுச்சா? எறங்குறீங்களா? தம்பி, ஒரு நிமிஷம், பையப் போடாதீங்க... அந்த வெள்ள வெரல திரும்ப ஒட்ட வைக்க உங்க யுனிவர்சிட்டியில ஏதாச்சும் வழி இருக்கா?... இல்லையா.

அப்ப இதயாவது சொல்லிட்டுப் போங்க. இந்த டிரெயினு கடேசியா எந்த ஊரு வரைக்கும் போவும்?