கவனக்குறைவு அல்ல

எட்டு ஜிபி பென்டிரைவ் இப்போது ஓசூரில் எளிதில் கிடைப்பதில்லை. அறுபத்து நான்குக்குக் குறைவாகக் கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார். ஒரு கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போடுவதற்கு எட்டே தாராளம். இந்த விவரம் விசாரணை அதிகாரியான உங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். உங்கள் அறிக்கையின் நான்காம் பக்கத்தில், 'கணினி உதவியாளர் எட்சன், தொழில்நுட்ப அறிவு போதாமையாலும் கவனக்குறைவாலும், ஆதாரம் இருந்த பென்டிரைவை அழித்துவிட்டார்' என்று எழுதியிருக்கிறீர்கள். பதினாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கவனக்குறைவு என்ற சொல் என் மேல் விழுவது இதுதான் முதல் தடவை. அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம்.

கை தவறி நடந்துவிட்டது என்று விசாரணையன்று உங்களிடம் சொன்னவன் நான்தான். அதை அப்படியே நம்பிவிடுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் அறுநூறு பேர். அதில் பாதிப் பேருக்கு பாஸ்வேர்டு என்றால் மானிட்டரில் ஒட்டிவைக்கும் சீட்டு. மௌஸ் செத்துவிட்டது என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் வயர் கழன்று தொங்கும். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் அவர்களுக்கு நான் 'கம்ப்யூட்டர் சார்'. எட்சன் என்ற பெயர் என் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

கோவிந்தப்பனைப் பற்றி நீங்கள் எழுதியது பெரும்பாலும் சரி. நாட்றாம்பாளையத்துக்காரன், ஒப்பந்தத் தொழிலாளி. தகடு உருட்டும் இயந்திரத்தின் ரோலரில் கையுறை மாட்டி, கையோடு உள்ளே இழுக்கப்பட்டு இறந்தான். குடித்துவிட்டு வேலைக்கு வந்தான் என்றது நிர்வாகம். ரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, உங்களுக்கும்தான். ரோலரை மூடும் கம்பிவலையைப் பழுதுபார்க்கக் கழற்றி, இரண்டு நாளாக மாட்டாமல் விட்டிருந்தார்கள். வலை இல்லாத ரோலரும், தடுமாறாமல் நேராக நடந்து வந்த கோவிந்தப்பனும் கேமராவில் பதிவாகியிருந்தன.

அந்தக் காட்சியை ஒரு பென்டிரைவில் எடுத்தவள் எவாஞ்சலின். டைம் ஆபீஸில் வருகைப் பதிவு பார்ப்பவள். கேமராப் பெட்டி பதினைந்து நாளில் பழையதை அழித்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதுவரை கெட்டிக்காரிதான். ஆனால் எடுத்தது ஒரே ஒரு பிரதி. கேட்டில் காவலர் நாராயணப்பன் எல்லோர் பையையும் கொட்டிப் பார்ப்பார். பென்டிரைவை வெளியே கொண்டுபோக அனுமதி உள்ளவன் நான் ஒருவன்தான். அதோடு, அவள் வரும் சர்ச்சில் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிப்பவனும் நான். குரல் நன்றாக இருந்தால் ஆளும் நல்லவன் என்று எண்ணுகிற கூட்டம் அது.

"அண்ணா, இத நீங்களே செல்லியக்கா கையில குடுத்துருங்க. சனிக்கிழம பஸ் ஸ்டாண்டுக்கு வர்றாங்க. வேற காப்பி இல்லீங்கண்ணா" என்றாள். செல்லி, கோவிந்தப்பனின் மனைவி.

வேறு காப்பி இல்லை என்பதை வெட்கமில்லாமல் சொன்னாள். எனக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு உயிரைப் பற்றிய ஆதாரத்தை ஒற்றைப் பிரதியாக வைத்துக்கொண்டு நியாயம் கேட்கக் கிளம்புகிறவர்களுக்கு யாராவது பாடம் கற்பிக்கத்தான் வேண்டும்.

அன்று ஸ்டோர்ஸ் கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ் போடும் வேலை இருந்தது. விண்டோஸில் எதுவும் போகக்கூடாது. சரக்குக் கணக்கு அதில் இருக்கிறது, மேனேஜர் குடும்பத்தோடு திருப்பதி போன படங்களும் இருக்கின்றன. ஐம்பது ஜிபி இடத்தைச் சுருக்கி ஒதுக்கினேன். லினக்ஸ் கோப்பைப் பதிவிறக்கி, பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று சரிபார்த்தேன். பிறகு அதை ஏற்றிக்கொள்ள ஒரு பென்டிரைவைச் செருகினேன். என் மேஜை இழுப்பறையில் வேறு மூன்று இருந்தன. நான் செருகியது எவாஞ்சலினுடையது. மூடியில் நகப்பூச்சால் ஊதாப் புள்ளி வைத்திருந்தாள். மாறிப்போக வழியே இல்லை.

இதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும், தொடரலாமா என்று மென்பொருள் கேட்டது. தொடரலாம் என்று அழுத்தினேன். மேலோட்டமாக அழித்தால் போதும், சில வினாடி வேலை. நான் தேர்ந்தெடுத்தது, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு முறை வேறு எதையாவது எழுதி அழிக்கும் முறை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. டீ குடித்துவிட்டு வந்து, லினக்ஸை அதில் எழுதி ஸ்டோர்ஸ் கணினியில் போட்டேன். பெங்களூருக்கு அனுப்பி மீட்டெடுக்கப் பார்த்தீர்களே, ஒன்றுமே மிஞ்சவில்லை என்று திருப்பி அனுப்பினார்களே, அப்போதாவது உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கவனக்குறைவு இவ்வளவு சுத்தமாக இருக்காது. ஸ்டோர்ஸ் கணினியில் ஒரு படம்கூடப் போகவில்லை. ஆன் செய்தால் விண்டோஸா லினக்ஸா என்று கேட்கிறது. நேரில் வந்து பார்க்கலாம்.

சனிக்கிழமை சொன்னபடியே பென்டிரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அஞ்செட்டி பஸ் நிற்கும் இடத்தில் செல்லி நின்றிருந்தாள். இரண்டு கையாலும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எங்கூட்டுக்காரரு குடிக்க மாட்டாருங்க சாமி. ஊருல குடிகாரன் பொண்டாட்டிங்கறாங்க. காசு பணம் வேண்டாங்க. அவரு குடிக்கலன்னு ஒரு வார்த்த எழுதிக் குடுத்தாப் போதும்."

பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் அதை உங்கள் மேஜையில் கொண்டுவந்து வைத்தபோது பதினைந்து நாள் கடந்துவிட்டது. லினக்ஸ் கோப்புகளைத் தவிர அதில் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கணவர் அதில் வருவார் என்று செல்லி அரை மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அறிக்கைக்கு அது தேவையில்லாத வரி. காட்சியை எடுத்ததற்காக எவாஞ்சலினுக்கு வேலை போனது. அடுத்த இடத்திலாவது இரண்டு பிரதி எடுப்பாள்.

நிர்வாகத்துக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர்களுக்கு அந்தப் பென்டிரைவ் இருந்ததே அப்போது தெரியாது. அவர்களிடம் நான் ஒரு டீகூட வாங்கிக் குடித்தவனில்லை.

என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நான் எதையும் அழிப்பதில்லை. அந்தக் காட்சியையும் பார்த்தேன். ரோலரிலிருந்து நான்கடி தள்ளி, நீலச் சட்டை போட்ட ஒருவன் நெட்வொர்க் வயர் மாற்றிக்கொண்டிருக்கிறான். அவன் தோளுக்குப் பக்கத்தில், இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தான். ரோலரில் கையுறை மாட்டியதிலிருந்து எல்லாம் முடியும்வரை பதினொரு வினாடி. நீலச் சட்டைக்காரன் திரும்பிப் பார்க்கிறான். கையைத் தூக்கவில்லை. அது நான்தான்.

போன வருடம் அதே மாதிரி ஒரு பொத்தானில் என் கை பட்டு, லைன் நாற்பது நிமிடம் நின்றது. பொத்தானில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, அது என் தவறு அல்ல. ஷிப்ட் பொறுப்பாளர் எல்லோர் முன்னாலும், "சார் போயி கம்ப்யூட்டர்ல பட்டன அமுக்கட்டும், இங்க வேணாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கோவிந்தப்பனும் பல் தெரியச் சிரித்தான். அன்றிலிருந்து இயந்திரப் பக்கம் எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். எடுத்த முடிவிலிருந்து மாறும் பழக்கம் எனக்கு இல்லை. இதைப் பழிவாங்கல் என்று சொல்வது உங்கள் நான்காம் பக்கத்தைவிடப் பெரிய தப்பாக இருக்கும்.

அந்தக் காட்சியில் ஒலி கிடையாது. அதனால் கோவிந்தப்பன் கூப்பிட்டது எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு முறை கூப்பிட்டான். இரண்டு முறையும் கம்ப்யூட்டர் சார் என்றுதான் கூப்பிட்டான். எட்சன் என்று ஒரு முறை கூப்பிட்டிருந்தால் அழுத்தியிருப்பேன்.