சுவருக்கு மட்டும் சொன்ன புத்தி

“ஹலோ... ஆமாம்மா, நான்தான். உதடு வீங்கியிருக்கு, அதான் குரல் இப்படி. மூஞ்சி மொத்தமா வீங்கியிருக்கும்போது குரல் மட்டும் மெலிஞ்சா வரும்?... ஆமா, ஆமா... காலையில போட்டோ அனுப்பினேனே, அதேதான்... இல்ல, இப்ப அதைவிடக் கம்மி. டாக்டர் ஊசி போட்டிருக்கார், மாத்திரை குடுத்திருக்கார்... மூச்சு நல்லா வருது. நாக்கு வீங்கல. நாக்கு வீங்கியிருந்தா உங்க எல்லாருக்கும் நிம்மதியா இருந்திருக்கும்.”

மகளோடு பேசிக்கொண்டிருந்த பெயிண்டர் கைப்பேசியை வலது காதிலிருந்து எடுத்து இடது காதுக்கு மாற்றினார். வலது காது தடித்துச் சிவந்து, தொட்டால் எரிந்தது. இடது கண் அடியோடு மூடிக்கொண்டிருந்தது. வலது கண்ணில் ஒரு கீற்று மட்டும் திறந்திருந்தது. அந்தக் கீற்று வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டரை. நாலு மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

எதிரே, நாற்காலியின் நுனியில் சலூன்காரர் உட்கார்ந்திருந்தார். காலையில் டாக்டரிடம் அழைத்துப் போனவரும் அவர்தான், திரும்பக் கொண்டுவந்து சேர்த்தவரும் அவர்தான். அதன் பிறகு வீட்டுக்குப் போ என்றால் போகவில்லை. ஒரே செய்தித்தாளை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“யாரு, சலூன்காரனா? இங்கதான் இருக்கான்... எதுக்கு? திட்டவா? குடுக்க மாட்டேன்... குடுக்க மாட்டேன்னா குடுக்க மாட்டேன்மா. அவன் மேல ஒரு தப்பும் இல்ல. காதுக்குப் பின்னாடி ஒரு பொட்டு டை வச்சுட்டு ரெண்டு நாள் பார்ப்போம், அரிப்பு இல்லேன்னா அடிச்சுக்கலாம்னு அவன் படிச்சுப் படிச்சுச் சொன்னான்... ஆமா, நான்தான் கேட்கல. எனக்கேவான்னு கேட்டேன்.”

எனக்கேவா என்று அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. இருபத்தெட்டு வருடமாக ஊருக்கெல்லாம் அதே புத்தியைச் சொல்லி வருபவர் அவர். அட்டையில் பார்த்த நிறத்தை நம்பி யாராவது வீடு முழுவதும் அடிக்கச் சொன்னால் தூரிகையைக் கீழே வைத்துவிடுவார். முதலில் ஒரு சாண் சுவரில் அடிப்போம், இரண்டு நாள் காயட்டும், காலை வெயிலில் ஒரு தடவை, சாயங்கால விளக்கில் ஒரு தடவை பாருங்கள், பிறகு பேசலாம் என்பார். வாடிக்கையாளரின் சுவரைக் கறைப்படுத்த மனம் வராமல், அந்த ஒரு சாணையும் தன் வீட்டு வாசல் சுவரிலேயே அடித்துக் காட்டுவார். அதனால் அவர் வீட்டு முன்சுவரில் நாற்பதுக்கும் மேற்பட்ட சதுரங்கள் வெவ்வேறு நிறங்களில் இருந்தன. முழுச் சுவருக்கு மட்டும் இன்றுவரை பெயிண்ட் கிடையாது. சுவரைக் கேட்காமல் எதையும் அடிக்காத மனிதர், வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலையைக் கேட்காமல் அடித்துக்கொண்டுவிட்டார்.

“அதோட விட்டிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது... சொல்றேன், கத்தாதே... முதல் கோட்டுல கவரேஜ் சரியில்லம்மா. காதோரமா வெள்ளை எட்டிப் பார்த்துது. அதனால ரெண்டாவது கோட் அடிக்கச் சொன்னேன்... ஆமா, தலைக்கும்தான், மீசைக்கும்தான்... என்ன சத்தம் அது? சிரிக்கிறியா?... சிரி, சிரி. மாப்பிள்ளையையும் கூப்பிட்டு வச்சுக்கிட்டுச் சிரி. பெத்த அப்பனுக்குக் கண்ணு தெரியல, பொண்ணு சிரிக்குது.”

சலூன்காரர் செய்தித்தாளுக்குப் பின்னால் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார். இரண்டாவது கோட் வேண்டாம் என்று அவர் வெள்ளிக்கிழமையன்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னதும், ‘உப்புத்தாள் தேய்க்காம விட்டேனே, அதுக்குச் சந்தோஷப்படு’ என்று பெயிண்டர் பதில் சொன்னதும் இருவருக்கும் ஞாபகம் இருந்தது.

“சரி, சிரிச்சாச்சா? இப்பக் கேளு. அந்த வெளிர்நீலச் சட்டை இருக்குல்ல, அதைத்தான் போட்டுக்கலாம்னு இருக்கேன்... எதுக்கா? நாலு மணிக்குப் போக வேணாமா?... ஏன் போகக் கூடாது?... கால் ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?... பயப்படுவாங்களா? எதுக்குப் பயப்படணும்? நான் என்ன கடிக்கவா போறேன், வாயே சரியாத் திறக்கல.”

நாலு மணிக்கு டிப்போவுக்கு எதிரே உள்ள டீக்கடையில் கண்டக்டரம்மா காத்திருப்பதாக ஏற்பாடு. மகள் கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் அந்த அம்மா டிக்கெட் கிழித்த பேருந்தில்தான் போய்வந்தாள். தம்பி தங்கைகளை ஒவ்வொருவராகக் கரையேற்றி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது, தனக்குக் கல்யாணம் என்று ஒன்று ஆகவில்லை என்பது அந்த அம்மாவுக்கு உறைத்தது. இந்தப் பக்கம் அப்பா, மனைவி போய் எட்டு வருடமாகத் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, டி.வி.யில் செய்தி வாசிப்பவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மகள் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தாள். அந்த அம்மா யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மறுநாளே சரி என்றார். பெயிண்டர் முதலில் கோபப்பட்டார், பிறகு வெட்கப்பட்டார், கடைசியில் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தார்.

கொடுத்தாரே தவிரப் போய்ச் சேரவில்லை. முதல் தடவை அவசர வேலை என்று தகவல் போனது. இரண்டாம் தடவை வயிறு சரியில்லை என்று போனது. இரண்டு தடவை நிறுத்தத்தில் நின்று பார்த்தாகிவிட்டது, மூன்றாவது தடவையும் ஆள் ஏறாவிட்டால் விசில் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன் என்று கண்டக்டரம்மா மகளிடம் சிரித்த முகமாகவே சொல்லிவிட்டிருந்தார். இன்றைக்கு மூன்றாவது தடவை.

“காய்ச்சல்னு சொல்லணுமா? யாரு சொல்றது?... நான் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே... எனக்குப் புரியுதும்மா. நல்லதுக்குத்தான் சொல்ற. ஆனா அடுத்த வாரம் வீக்கம் வத்திடும், பொய் வத்தாது... இரு, முழுசாக் கேளு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். போன தடவை எனக்கு வயிறெல்லாம் நல்லாத்தான் இருந்துது... ஆமா. அங்க வரைக்கும் போனேன். டீக்கடைக்கு எதிர்ப்பக்கம், சைக்கிள் கடை ஓரமா நின்னேன். அவங்க ரெண்டு பேர் உட்காருற மேஜையில தனியா உட்கார்ந்துக்கிட்டு, வாட்சையும் ரோட்டையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. கடைக்காரன் வந்து எதிர் நாற்காலியை எடுக்கப் போனான். இவங்க கையை வச்சு அதைப் பிடிச்சுக்கிட்டாங்க... அதைப் பார்த்ததும் அப்படியே திரும்பிட்டேன்.”

இதைச் சொன்னபோது அவர் குரல் முதல் தடவையாக இறங்கியது. சலூன்காரர் செய்தித்தாளைத் தாழ்த்தி அவரையே பார்த்தார். நண்பரிடமும் சொல்லாத விஷயம் இது.

“என்ன பயமா?... தெரியலம்மா. இந்த வயசுல ஒருத்தர் எனக்காக நாற்காலியைப் பிடிச்சு வைக்கிறாங்கன்னா, அதுல போய் உட்கார நமக்கு என்ன இருக்குன்னு தோணிப்போச்சு. தலை முழுக்க வெள்ளை, நகத்துல பிரைமர்... அதுக்குத்தான் இந்த டை. இப்பப் புரியுதா?... அழாதே. முதல்ல சிரிச்ச, இப்ப அழுற. ஒரு கோட் காயறதுக்குள்ள அடுத்த கோட் அடிக்கிற, என்னை மாதிரியே... சரி. அதனால சொல்றேன், இன்னைக்குப் போறேன். இந்த மூஞ்சியோடதான் போறேன். பிடிக்கலேன்னா அவங்க எழுந்து போகட்டும், அது அவங்க இஷ்டம். ஆனா இந்தத் தடவை நான் ஓடினேன்னு இருக்கக் கூடாது.”

அவர் எழுந்து நின்றார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் சரியாகப் பிடிபடாமல் மேஜை முனையில் இடித்துக்கொண்டார். சலூன்காரர் பதறி எழுந்து முழங்கையைப் பிடித்தார். பெயிண்டர் கையை உதறிக்கொண்டார்.

“ஒண்ணுமில்ல, மேஜை குறுக்க வந்துது... நீ ஏன் பேச மாட்டேங்குற?... ஹலோ... லைன்ல இருக்கியா?... என்ன?... சொல்லிட்டியா?”

கைப்பேசியைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

“எப்ப சொன்ன?... காலையிலேயேவா? போட்டோ பார்த்த உடனேயேவா?... காய்ச்சல்னுதான் சொன்னியா?... அவங்க என்ன சொன்னாங்க?... சரின்னு மட்டுமா? வேற ஒண்ணுமே சொல்லலியா?... இல்ல, கோபமெல்லாம் இல்ல. இருக்கு. இருக்கும்மா. எனக்கு உடம்பு சரியில்லேன்னு முடிவு பண்ண வேண்டியது நானும் டாக்டரும். நான் வீங்கினது என் இஷ்டம், நான் போறது என் இஷ்டம்... ஆமா, வீம்புதான். உனக்கு அது எங்கேருந்து வந்துதுன்னு நினைச்ச?... இரு. இரு இரு. வேற யாரோ கூப்பிடுறாங்க.”

கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்து, கீற்றுக் கண்ணை அதன்மேல் ஓட்டினார். திரையில் ‘பஸ்’ என்று மின்னியது. மூன்று மாதமாக அந்த எண்ணை அவர் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தார், யார் பார்த்தாலும் சந்தேகம் வராமலிருக்க. ஒரு தடவைகூட அதைக் கூப்பிட்டதில்லை. அதுவும் அவரைக் கூப்பிட்டதில்லை.

“வை, வை. அவங்கதான்... எவங்கன்னா, அவங்கதாம்மா. வச்சுடு.”

தொண்டையைச் செருமினார். இல்லாத சட்டைப் பொத்தானை ஒரு கையால் தேடினார். பனியனோடு இருந்தார்.

“ஹலோ... ஆமாங்க, நான்தாங்க... வணக்கம்... காய்ச்சலா? இல்லைங்க. காய்ச்சல் இல்லைங்க. அது பொண்ணு என் மேல இருக்கிற பாசத்துல சொன்னது, அவளை ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. எனக்கு டை ஒத்துக்கல. தலைக்கு அடிச்சேன், மூஞ்சி முழுக்க வீங்கிடுச்சு... ஆமாங்க... ஆமாங்க, உங்களைப் பார்க்க வரத்தான் அடிச்சேன். பின்ன, சுவரைப் பார்க்கப் போறதுக்கா அடிச்சுக்குவாங்க?”

அந்தப் பக்கம் என்ன வந்ததோ, அவர் முதுகு நிமிர்ந்தது.

“இல்லைங்க, சாக்கு இல்லைங்க. முன்னாடி ரெண்டும் சாக்குதான், ஒத்துக்கிறேன். அன்னைக்கு வேலையும் கிடையாது, வயித்துக்கும் ஒண்ணுமில்ல. இது மட்டும்தான் நிஜம். நீங்க நம்பினாலும் சரி, நம்பலேன்னாலும் சரி, நாலு மணிக்கு நான் அங்க வந்து உட்கார்ந்திருப்பேன். ஒரு கண்ணு திறந்திருக்கு, உங்களைப் பார்க்க அது போதும். என்னைப் பார்த்துட்டு எழுந்து போகணும்னா போங்க. பார்க்காம மட்டும் போயிடாதீங்க.”

பேசி முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. சலூன்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஹலோ... இருக்கீங்களா?... என்னது?... சைக்கிள் கடையா?”

பெயிண்டர் மெல்ல உட்கார்ந்தார்.

“நீங்க... பார்த்தீங்களா?... அன்னைக்கேவா?... ஆமாங்க, வெளிர்நீலம்தான். அந்தச் சட்டைதான்... அதுசரி. டிக்கெட் எடுக்காம நழுவுற ஆளை முப்பது வருஷமாப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க, நான் எம்மாத்திரம்... பார்த்துட்டும் இன்னொரு தடவைக்குச் சரின்னு சொன்னீங்களா?... ஏங்க?... இஸ்திரி போட்டிருந்தேனா? சும்மா ஓடுற ஆள் இஸ்திரி போட்டுக்கிட்டு வர மாட்டான்னா?... ஆமாங்க... ஆமா... அது நியாயம்தாங்க.”

வீக்கத்துக்கு மேல் சிரித்தால் அவர் முகம் என்னவாகும் என்று சலூன்காரருக்கு அதுவரை தெரியாது. இப்போது தெரிந்துகொண்டார். பார்க்க அவ்வளவு நன்றாக இல்லை. ஆனாலும் கண் எடுக்காமல் பார்த்தார்.

“இல்ல, இல்ல, வெயிலெல்லாம் ஒண்ணும் செய்யாதுங்க. நான் வரேன்... ஊசி போட்டிருக்கு, நடக்கலாம்... நீங்களா? இங்கேயா?... வேணாங்க, வீடு கிடக்கிற கோலத்துல... நான்தான் வருவேன்னு சொன்னேன்ல, சொன்னா வரணும்... சரிங்க. நீங்களும் வீம்புதான் போல... சரி, சரிங்க. வாங்க.”

சலூன்காரர் செய்தித்தாளை நாலாக மடித்து வைத்தார். மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து, கடையில் கீழே விழுந்த முடியைக் கூட்டுகிற வேகத்தில் கூடத்தைக் கூட்ட ஆரம்பித்தார்.

“எங்க இறங்கணும்னு உங்களுக்கு நான் சொல்றதா?... ஆமா, அந்த ஸ்டாப்தான். ரெண்டாவது தெரு, இடது பக்கம். அடையாளமா? தெருவுல பெயிண்ட் அடிக்காத வீடு ஒண்ணே ஒண்ணுதான்... ஆமாங்க, பெயிண்டர் வீடுதான். வாசல் சுவர்ல நாப்பது அம்பது கலர் சதுரம் சதுரமா இருக்கும்... எனக்கு எது பிடிக்குமா? அதாங்க தெரியல. ஊர்ல இருக்கிற எல்லார் வீட்டுக்கும் எது சரின்னு சொல்லிடுவேன், இங்க மட்டும் இத்தனை வருஷமா முடிவு பண்ண முடியல... நீங்க பார்த்துச் சொல்லுங்க... ஆமாங்க... ஆமா, இன்னைக்கே சொல்லணும்னு இல்ல. அவசரமே இல்லைங்க. காலையில ஒரு தடவை பாருங்க, விளக்குல ஒரு தடவை பாருங்க. நல்லா ரெண்டு நாள் காய விட்டு...”

அந்தப் பக்கத்தில் ஒரு விசில் சத்தமும், பேருந்து கிளம்பும் இரைச்சலும் கேட்டன. லைன் போய்விட்டது.