குதிகால் சத்தம்

தேநீர் வேண்டாம் ஐயா, தண்ணீர் போதும். வயிற்றை இலேசாக வைத்திருந்தே பழகிவிட்டது, ஆடுகிறவன் இல்லையா.

நானும் அவளும் ஒன்பது வருடமாக மேடையில் ஒரே ஆட்டத்தை ஆடினோம். ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு உயரமான மேஜை. அவள் மேஜைமேல் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்து சாய்வாள். தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது நான் தாங்குவேன். நான் தயாரானதும் குதிகாலால் தரையை ஒருமுறை தட்டுவேன். அந்தச் சத்தம் கேட்டால்தான் சாய்வாள்.

பார்த்தவர்கள் எங்களை நிஜத் தம்பதி என்றே நினைத்தார்கள். "ஜோடின்னா இப்படி இருக்கணும்" என்பார்கள். என் அம்மா அவளை மருமகளே என்றுதான் கூப்பிடுவாள். அவள் சிரித்துக்கொண்டே, "நான் ஆட வர்றேம்மா, வாழ வரல" என்பாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் ஆட்டத்தின் முடிவை மாற்றினாள். மனைவி விழ வேண்டாம், தானே மேஜையிலிருந்து இறங்கி நடந்து போகட்டும் என்றாள்.

"அப்ப நான்?"

"நீ சும்மா நின்னு பாரு. புருஷனுக்கும் அது ஒரு வேலைதானே."

மேடைக்கு விளக்குப் போடும் விளக்குக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்று அவள் மணிக்கட்டைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன். நான்கு விரலும் நீலமாகப் பதிந்தன. புது முடிவு பழகும்வரை பழையதையே ஆடினோம்; மறுநாள் சற்றுத் தாமதமாகத் தாங்கினேன்; தோள்பட்டை தரையில் இடித்தது. மூன்றாம் நாள் பின்னந்தலை. நாக்கைக் கடித்துக்கொண்டாள், பல்லெல்லாம் இரத்தம். "எங்க இருக்கு உன் கவனம்?" என்று மட்டும் கேட்டாள். நானே பக்கத்தில் உட்கார்ந்து ஐஸ் ஒத்தினேன். மனம் மாற மூன்று நாள் அவகாசம் கொடுத்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்றுக் காலை கடைசி ஒத்திகை. பழைய முடிவை ஒரே ஒரு தடவை ஆடிவிடலாமா, எனக்காக, என்று கேட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது. சரி என்றாள். தரையில் கிடந்த மெத்தையை நான்தான் சுருட்டி வைத்தேன். விளக்கு ஸ்டாண்டின் இரும்பு அடித்தட்டை மேஜைக்குப் பின்னால் நகர்த்தி வைத்ததும் நான்தான்.

கை தவறிவிட்டது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். கை தவறவில்லை ஐயா. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். குதிகாலால் ஒருமுறை தட்டினேன். கழுத்து இரும்பில் மோதி முறிந்தது. காய்ந்த குச்சியை ஒடித்த மாதிரி இருந்தது, அதைவிடப் பெரிய சத்தம் இல்லை. விளக்குக்காரர் ஓடிவந்தபோது கால் விரல்கள் மட்டும் கொஞ்சம் துடித்தன.

அவளுடைய அக்கா ஸ்டேஷனுக்கு வெளியே உட்கார்ந்து, அவளுக்கு என்மேல் விருப்பமே இருந்ததில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். அந்த அக்காவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். மூன்று முறை அடிபட்ட பிறகும், என் குதிகால் சத்தம் கேட்டதும் அவள் கண்ணைத் திறக்காமல் சாய்ந்தாள். காதல் இல்லாமல் யாராவது அப்படி விழுவார்களா?